ஹெரால்டு என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது

நாகப்பட்டினம் பக்கம் ஓடாமல் கிடக்கும் ஓர் அரிசி ஆலையின் கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைக் காட்டி, "ஒரே குடும்பத்து வண்டி, தகரத்தில் யாரும் கைவைத்ததே இல்லை" என்று யாராவது சொன்னால், அவர்கள் வாங்கிக்கொடுக்கும் தேநீரைக்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுங்கள். நான் குடித்தேன். அந்தத் தேநீரின் விலை 2,90,000 ரூபாய். அதற்குமேல் கொட்டியது தனிக்கணக்கு.

தரகரின் பெயரைப் போடவில்லை. போடாதே என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆளின் பேச்சையும் கொட்டகையின் லட்சணத்தையும் எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

நான் ஏமாந்ததற்கு முதல் காரணம் என் வாய்தான். என் அப்பா 1967 முதல் பாபநாசம் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் ஓட்டுநராக இருந்தவர். ஓட்டியது இரண்டு கதவு ஹெரால்டு. அதில் பின்னால் உட்காரவேண்டுமானால் முன் இருக்கையை மடக்கிவிட்டுக் குனிந்து நுழையவேண்டும். பட்டு வேட்டிக்காரருக்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே முதலாளி எப்போதும் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த ஓட்டுநருக்கும் கிடைக்காத மரியாதை அது என்று அப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இப்போது 82 வயது. ஒரு ஹெரால்டை வாங்கி, அவரை முதலாளி உட்கார்ந்த இடத்தில் உட்காரவைத்து, நான் ஓட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. இதைத் தரகரிடம் முதல்முறை தொலைபேசியில் பேசியபோதே சொல்லித் தொலைத்தேன். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலைபேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. நானோ துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய் நின்றேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மோசடி புரியும். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கும்பகோணத்துச் சந்துகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக ஒட்டிப் பிறந்தவை. ஹெரால்டு அப்படியில்லை. அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம், அதுதான் சேஸிஸ். அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டிய உடல். பழுதுபார்ப்பவனுக்கு இது வரம். ஏமாற்றுகிறவனுக்கு இரட்டை வரம். செத்துப்போன மூன்று வண்டிகளைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கி, ஓடுகிற ஒரு வண்டியாகப் பூட்டிவிடலாம்.

என்னை வரச்சொன்னது ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு. தூறல். வண்டி கொட்டகைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது. மழையில் மணமகள் மாதிரி இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, கொட்டகை காலியாக இருக்கும்போது ஏன் வெளியே நிற்கிறது என்று நினைக்கவில்லை. நனைந்த பெயின்டில் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. பழைய வண்டியை மழையிலும், அந்தி சாய்ந்த பிறகும் பார்க்கவே கூடாது. உச்சிவெயிலில், பக்கவாட்டில் குனிந்து, தகரத்தில் விழும் மின்கம்பத்தின் நிழல் நேராக இருக்கிறதா, நெளிகிறதா என்று பார்க்கவேண்டும்.

பானெட் சுட்டது. "இப்போதுதான் பெட்ரோல் போட்டு வந்தேன் அண்ணே" என்றார் தரகர். சூடான எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பியது, எனக்குப் புல்லரித்தது. ஆறிக் கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போது வரும் புகையும் சத்தமும்தான் பிஸ்டன் ரிங்கின் ஜாதகம். அதைக் காட்டாமலிருக்கத்தான் வண்டியை முன்பே சூடேற்றி வைப்பார்கள் என்று பிறகு மெக்கானிக் சொன்னார்.

"கஜா புயலிலேயே இந்தக் கொட்டகைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை" என்றும் தரகர் சொன்னார். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறி இந்தக் கரையோரத் தென்னைகளைச் சாய்த்துப்போட்ட புயல். அதில் நனையாத கொட்டகைக்கு எதற்குப் புதிய தகரக் கூரை? கண்ணில் பட்டது, மண்டைக்கு ஏறவில்லை. உள்ளே தரைக்குப் புதிய ரப்பர் விரிப்பு, அடியில் புதுக் கறுப்புப் பூச்சு. வண்டியில் பழையதாகத் தெரிந்தது ஸ்டீயரிங் ஒன்றுதான். அதன் இடதுபக்கத்தில் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு, அதற்குக் கீழே யாரோ ஒட்டிய துணுக்கு நாடா. அதைப் பார்த்துத்தான் மொத்த வண்டியையும் நம்பினேன். கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருகிறார்கள். உங்கள் அப்பாவுக்காகத்தான் அண்ணே உங்களுக்குச் சொல்கிறேன்." 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ரசீதை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தார். மணமக்கள் யாரோ, அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

மீதியைக் கட்டி வண்டியை எடுத்தது பத்து நாள் கழித்து. திருவாரூர் தாண்டி, குடவாசல் சாலையில் ஒரு வளைவில் இடதுபக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. நாச்சியார்கோயிலில் ரேடியேட்டர் கொதித்தது. குத்துவிளக்குக் கடை வாசலில் நிறுத்தித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் வாயிலிருந்தும் வரப்போகிறது.

வீட்டு வாசலில் அப்பா காத்திருந்தார். நான் முன்பக்கக் கதவைத் திறந்து நின்றேன். அவர் அந்தப் பக்கம் வரவில்லை. நேராக ஓட்டுநர் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் கைவைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இது ஃபியட் ஸ்டீயரிங்."

மங்கிய வெளிச்சத்தில் பத்து நாளுக்கு முன் நான் படமெடுத்த வெடிப்பு அதில் இல்லை. நடுவில் வெல்டிங் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். பின்விளக்குக் கண்ணாடிகளையும் சக்கர மூடிகளையும் கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவையும் வேறு. முன்பணம் வாங்கிய பிறகு, வண்டியில் அசலாக இருந்த கொஞ்சநஞ்சத்தையும் கழற்றிவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஹெரால்டின் உதிரிபாகங்கள் இப்போது கடையில் கிடைக்காது. வண்டியைவிட அவற்றுக்குத்தான் கிராக்கி.

மறுநாள் கும்பகோணத்தில் வண்டித் தகர வேலை செய்யும் ஒரு டிங்கர் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சிறு சுத்தியலால் கதவின் கீழ்ப்பகுதியைத் தட்டினார். தகரம் "டங்" என்று சொல்லவேண்டும். இது "டப்" என்றது, பலாப்பழம்போல. துணியில் சுற்றிய காந்தத்தை வைத்தார், கீழே விழுந்தது. எல்லாம் பட்டி, தகரத்தின் ஓட்டையும் பள்ளமும் தெரியாமல் அப்பும் பசை. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஆத்திரம், சுரண்டியதை எல்லாம் சாக்கில் அள்ளிக் காய்கறிக்கடைத் தராசில் நிறுத்தேன். ஏழு கிலோ.

அடிச்சட்டத்தின் பக்கவாட்டுக் கைகளைக் கறுப்புப் பூச்சுக்குமேல் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பிடிவரை உள்ளே போயிற்று. உப்புக்காற்று உள்ளிருந்தே தின்ற இரும்பு அது. ஓட்டைக்குள் எதையோ திணித்து மேலே பூசியிருந்தார்கள். கம்பியை விட்டு இழுத்தார். கசங்கிய செய்தித்தாள் வந்தது. விரித்தால் ஒரு வேட்பாளர் கைகூப்பி நிற்கிறார், 2021 சட்டமன்றத் தேர்தல் விளம்பரம். முப்பது வருடமாக யாரும் கைவைக்காத வண்டிக்குள் அவர் எப்படி வாக்குக் கேட்கப் போனார் என்று பெரியவர் கேட்டார். நான் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது.

உயிரை வாங்கியிருக்கக்கூடியது வேறொன்று. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டுக்கு கிரீஸ் போடக்கூடாது, கியர் எண்ணெய்தான் ஊற்றவேண்டும். அது காய்ந்து தேய்ந்தால் மூட்டு முறிந்து, சக்கரம் மடங்கி, வண்டி மூக்கைத் தரையில் ஊன்றிவிடும். என் வண்டியில் இரண்டு பக்கமும் கெட்டிப்பட்ட கிரீஸ். மெக்கானிக் மூட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார், மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அந்த நிலையில்தான் நாகப்பட்டினத்திலிருந்து ஓட்டிவந்திருக்கிறேன். யாரிடம் ஹெரால்டு இருந்தாலும் இதை மட்டும் இன்றே பாருங்கள்.

அடுத்து காகிதம். அசல் ஆர்.சி. புத்தகம் "வங்கிப் பெட்டகத்தில்" இருந்ததால் நகல்தான் கிடைத்தது. 1966-இல் பதிவான வண்டி. கார்களுக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடத்துக்குப் புதுப்பிக்கவேண்டும். இது புதுப்பிக்கப்படாமல் பல காலம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் உரிமையாளர் கையெழுத்து தயாராக இருந்தது, தேதி மட்டும் காலி. விசாரித்தால் அந்த உரிமையாளர் காலமாகிப் பல வருடம். இறந்தவர் பெயரிலுள்ள வண்டிக்கு வாரிசுதான் 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும். செத்தவர் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வரிசையில் நின்றிருந்தால், கம்பி எண்ணவேண்டியவன் நான்தான்.

தரகர் ஆசைகாட்டிய இன்னொன்று, பழம்பெரும் வாகனங்களுக்கான வி.ஏ. வரிசை எண். "அந்த எண் வாங்கிவிட்டால் பத்து லட்சத்துக்குப் போகும் அண்ணே." 2021-இல் வந்த விதி இது. முதல் பதிவாகி 50 வருடம் கடந்திருக்கவேண்டும், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத, அசல் நிலையில் உள்ள வண்டிக்குத்தான் அது. கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு என்று சிலவற்றுக்குத்தான் சாலைக்கு எடுக்கலாம். அப்பாவைச் சுவாமிமலைக்குக் கூட்டிப்போவது அந்தப் பட்டியலில் இல்லை.

என் வண்டியின் சேஸிஸ் எண் தகடு பளபளக்கும் புது ரிவெட்டுகளில் தொங்குகிறது. எஞ்சின் எண் இருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி குத்தியிருக்கிறார்கள், அதிலும் ஓர் இலக்கம் ஆர்.சி.யோடு ஒட்டவில்லை. உடல் ஒரு வண்டி, சட்டம் இன்னொரு வண்டி, எஞ்சின் மூன்றாவது. பணம் கொடுக்குமுன் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுத்துப்போய், எண்ணின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுத்து, அசல் ஆர்.சி.யோடு ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தரகரைத் தொலைபேசியில் பிடித்தேன். கோபப்படவே இல்லை அவர். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் அண்ணே. புது வண்டி வேண்டுமென்றால் ஷோரூமுக்குப் போயிருக்கவேண்டும்." ஓட்டை இருக்கிறது, ஒட்டுப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்டிருந்தால் நானே மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பேன். பழசைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பு ஆள் இல்லை என்று திரும்பிவந்தது. ஆலைக்காரரோ கொட்டகையை மாத வாடகைக்கு விட்டதோடு சரி என்கிறார். காவல் நிலையத்தில் புகாரை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

வண்டி இப்போது வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் நிற்கிறது. புதிய அடிச்சட்டம் அடிக்க டிங்கர் பெரியவர் 90,000 கேட்கிறார். அப்பா காலையில் போய் ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறார், உட்காருவதில்லை.

போன வாரம் மன்னார்குடி நண்பர் ஒருவர் சில படங்களை அனுப்பி, "நல்ல விலைக்கு வருகிறது, பார்க்கலாமா?" என்று கேட்டார். பச்சை நிற ஹெரால்டு. வெளியே மழை, பின்னால் அதே புதுத்தகரக் கொட்டகை. ஒரே குடும்பத்து வண்டியாம். நான்காவது படத்தில் ஸ்டீயரிங் தெரிந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். இடதுபக்கம் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு, அதற்குக் கீழே துணுக்கு நாடா.