கடற்கரை வெக்கையில் நரம்பு ஸ்டாக்கிங்ஸ்: ஒரு வருடப் பயன்பாடு

மருந்துக் கடையில் ‘நரம்பு சாக்ஸ்’ என்று கேட்டு வாங்கும் அழுத்த ஸ்டாக்கிங்ஸ் எல்லாக் கால் வலிக்குமானது அல்ல. வலி நின்றால் வருகிறதா, நடந்தால் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மீன் ஏலம், டீக்கடை என்று நாள் முழுக்க நின்றபின் சாயங்காலம் கால் கனத்து, கரண்டையில் (கணுக்காலில்) விரலால் அமுக்கினால் குழி விழுந்து, காலைத் தூக்கி வைத்ததும் லேசானால் பெரும்பாலும் அது சிரைக் கோளாறு. சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்; பேச்சில் ‘நரம்பு’ என்பது இதைத்தான். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் சரியாக மூடாததால், மேலே ஏறிய ரத்தம் திரும்பக் கீழே இறங்கித் தேங்குகிறது. ஸ்டாக்கிங்ஸ் வேலை செய்வது இந்தக் காலுக்குத்தான்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்து, ரெண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுகிறதா? ராத்திரி காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் வலி குறைகிறதா? அப்படியானால் தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்திருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது அதிகம். இந்தக் காலில் ஸ்டாக்கிங்ஸை மாட்டுவது, ஏற்கெனவே வற்றிய வாய்க்காலுக்கு அணை கட்டுகிற கதை. இதைக் கண்டுபிடிக்க, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு உண்டு, 0.5-க்குக் கீழே என்றால் ஸ்டாக்கிங்ஸ் கூடவே கூடாது. நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கல்லாகிக் கிடப்பதால் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். அவர்கள் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எடுத்துக்கொள்வது நல்லது.

அளவைக் காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் எடுக்க வேண்டும். கரண்டைக்கு மேலே மெலிந்த இடத்தில் ஒரு சுற்று, கெண்டையின் பருத்த இடத்தில் ஒரு சுற்று, தரையிலிருந்து முழங்கால் மடிப்புக்குக் கீழே வரை உயரம். சாயங்காலம் கடைக்குப் போய் வீங்கிய காலில் அளந்து வாங்கியது மறுநாள் காலையில் தொளதொளக்கும். சிரைக் கோளாறுக்குப் பெரும்பாலும் எழுதித் தருவது 23–32 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ள இரண்டாம் வகுப்பு. இந்த வெக்கைக்கு விரல் திறந்த, முழங்கால் வரையிலான மாடலே போதும். தொடை வரை வருவது வியர்வையில் வழுக்கிச் சுருண்டு இறங்கிவிடுகிறது.

மாட்டுவதுதான் பெரும்பாடு. பாதத்தில் ஒரு வழவழப்பான கேரி பேக்கைச் சுற்றிக்கொண்டு, குதிகால் வரை உள்பக்கம் புரட்டிய ஸ்டாக்கிங்ஸை அதன்மேல் ஏற்றுங்கள். குதிகால் பை சரியாக உட்கார்ந்ததும், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டு உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மேலேற்றி, பையை விரல் ஓட்டை வழியே உருவிவிட வேண்டும். நகத்தால் பிடித்து இழுத்தால் இழை போய்விடும். மேல் விளிம்பு முழங்கால் மடிப்புக்கு ரெண்டு விரல் கீழே நிற்கட்டும். மிஞ்சியதை மடித்துவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம் இரட்டித்து, கயிறு கட்டியதுபோல் இறுக்கும். வீக்கம் கூடத்தான் செய்யும்.

உப்பும் மணலும் இந்தத் துணிக்கு எதிரி. கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கக் கூடாது. உள்ளே புகும் மணல் தோலை அரைத்துவிடும். தண்ணீருக்குள் தேவையும் இல்லை. முழங்கால் ஆழத்தில், அதாவது அரை மீட்டரில், பாதத்தில் கடல்நீரே சுமார் 38 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்துகிறது. ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். கடல் அம்மா இலவசமாகப் போட்டுவிடும் ஸ்டாக்கிங்ஸ் அது! கரையேறி நின்றபின்தான் கடுக்க ஆரம்பிக்கும். நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் பதினைந்து நிமிஷம் படுத்த பிறகு மாட்டினால் சரியாக ஏறும். உப்பளத்தில் நிற்பவர்கள் காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால், டாக்டரிடம் காட்டாமல் அதன்மேல் மாட்ட வேண்டாம்.

துவைக்கக் கிணற்று உப்புத்தண்ணீர் ஆகாது. சோப்பு நுரைக்காமல் துணியிலேயே தங்கி, காய்ந்ததும் விறைத்து அரிக்கும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் அரை வாளி ஒதுக்கிக் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்ப்பது ராத்திரி கழற்றியபின். காலையில் தேய்த்துவிட்டு மாட்டினால் ரப்பர் இழை சீக்கிரம் தளர்ந்துவிடும்.

முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ரெண்டு மூணு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலுக்கு வலி தெரியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். ரெண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டாலும், ஆறு மாதம் ஆனதும் ஒரு சோதனை வையுங்கள்: கையுறை இல்லாமல் சாதாரண சாக்ஸ் மாதிரி ஏறினால் அதன் ஆயுள் முடிந்தது. வருடத்துக்கு ரெண்டு முறை புதுசு வாங்கும் செலவு இதன் பெரிய குறை. கிரேப் பேண்டேஜ் மலிவுதான், ஆனால் நடந்தால் மதியத்துக்குள் தளர்ந்து கரண்டையில் குவிந்துவிடுகிறது.

புடைத்த நரம்பு இதனால் மறையாது. கனமும் வீக்கமும்தான் குறையும். போடாமல் விட்டால் கொஞ்ச நாளில் பழைய கடுப்பு திரும்பும். நரம்பையே அடைக்க லேசர் சிகிச்சையும், அகற்ற அறுவையும் இருக்கின்றன. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், ஸ்டாக்கிங்ஸைத் தேடாதீர்கள், எண்ணெய் போட்டு நீவவும் விடாதீர்கள். உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.