கண்ணகிக்கு எந்த முடி?

போன வருசம் எங்கள் கோவலன் கூத்துக்கு நான்தான் சோடினை, அதாவது ஒப்பனைப் பொறுப்பு. முல்லைத்தீவுப் பக்கத்தில் அந்தக் கதைக்குத் தனி மவுசு, வற்றாப்பளைக் கோயிலில் அம்மனாக இருக்கிற கண்ணகியின் கதையல்லவா. கண்ணகிக்கு ஆடினவன் பக்கத்து வீட்டுப் பொடியன், ஒட்ட வெட்டின தலை. கடையில் விற்கிற செயற்கை முடியை வாங்குவதா, மனித முடியில் நாங்களே கட்டுவதா என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் நானும் ஒரு கிழமை இழுபட்டோம். கடைசியில் இரண்டும் மேடை கண்டன. நான் மனித முடியின் பக்கம், அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

நைலோன் முடி என்று நாங்கள் சொல்கிற செயற்கை முடி மலிவு, பாரமும் குறைவு, வாங்கின அன்றே தலையில் வைக்கலாம். வெளிச்சத்தில் பளபளக்கும், கொஞ்சம் பவுடர் தட்டினால் அடங்கும். சூடு காட்டி இழையிலேயே சுருளைப் பதித்துவிடுவதால் கழுவினாலும் சுருள் நிற்கும். மனித முடியில் சுருட்டின சுருள் வியர்வையிலும் ஈரக்காற்றிலும் இறங்கிவிடும். மாரியில் ஆடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாங்கள் ஆடினது வைகாசி வெக்கையில் மட்டும்.

கட்டுகிற வேலை பொறுமையைச் சோதிக்கும். லண்டன் இசை நாடக மேடைகளுக்கு, நடிகரின் தலையை அளவெடுத்து, மெல்லிய வலைத்துணியில் நுண்ணிய கொக்கி ஊசியால் மயிர் மயிராக முடிச்சுப் போடுகிறார்கள். நெற்றியோரம் ஒரு முடிச்சுக்கு ஒரே மயிர், பின்னால் போகப் போகச் சேர்த்துப் பிடிக்கலாம். பாடுகிறவரின் மைக்கைக்கூட அந்த நெற்றி விளிம்பில் ஒளித்துவிடுவார்கள். எங்கள் மைக் கம்பத்தில் நின்றது, மற்றபடி வேலை அதேதான். முதலில் நுளம்பு வலையில் கட்டிப் பார்த்தோம், பொடியனின் நெற்றியைச் சுரண்டிவிட்டது. பிறகு மணப்பெண் முக்காட்டுத் துணி. வலையை மாட்டிவைத்துக் கட்டுகிற மரத்தலைக்குப் பதில் கவிழ்த்த மண்முட்டி. நானும் மச்சாளும் பின்னேரங்களில் இருந்து முடிக்க ஏழு கிழமை போனது.

அதிலும் ஒரு பிழை விட்டோம். அம்மா சீப்பில் கழிந்த முடியைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்தா. சும்மா கிடக்கிறதே என்று அதில் ஒரு பக்கம் கட்டினோம், இரண்டாம் நாளே சடைபிடித்துவிட்டது. மயிரின் மேல் மீன்செதில்போல் நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்தால் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். அந்தப் பக்கத்தை அறுத்துவிட்டு, மச்சாளும் அவளின் தங்கையும் வெட்டித் தந்த பின்னல்களில் புதிதாகக் கட்டினோம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டோம்? கண்ணகி முதல் பாதியில் கொண்டை போட்டிருப்பாள். கோவலன் வெட்டுண்ட பிறகு கொண்டை அவிழவேண்டும், தலைவிரி கோலத்தில் சுற்றிச் சுற்றி ஆடவேண்டும். அங்கேதான் நைலோன் கைவிட்டது. அவிழ்ந்த முடி முதுகுச் சரிகையில் உரசி உரசி, மூன்றாம் ஆட்டத்துக்குள் பிடரியில் பஞ்சுபோல் பம்மிவிட்டது. சீவினால் சீப்போடு வந்தது. நேராக்கலாம் என்று நான் அயன்பொக்ஸை வைத்தேன், என் மொக்கு வேலைதான். நுனியெல்லாம் உருகி, ஆறின சீனிப்பாகுபோல் மணிமணியாகத் திரண்டது. ஆவி காட்டினால் கொஞ்சம் படியும் என்கிறார்கள், நான் செய்து பார்க்கவில்லை.

மனித முடியில் ஆட்டம் முடிந்து விடியத்தான் வேலை. நெற்றி வலையில் ஒட்டியிருக்கும் பசையை ஸ்பிரிட் தொட்டு, மெதுவாக ஒற்றி எடுக்கவேண்டும். தேய்த்தால் வலை கிழியும். பிறகு சிக்கெடுப்பது, எப்போதும் நுனியிலிருந்து மேலே. சம்பூ போட்டு அலசி முட்டியில் மாட்டி நிழலில் விட்டால் பின்னேரம் கொண்டை போடலாம். வெயிலில் காயவிட்டால் கருமை வெளிறிச் செம்பட்டையாகும்.

கழன்ற இடத்தைத் திரும்பக் கட்டலாம் என்பதுதான் எனக்குப் பெரிய விசயம். ஆறு ஆட்டத்துக்குப் பிறகு நெற்றியோரத்தில் ஒரு விரல் அகலம் ஐதாகிவிட்டது. ஒரே பின்னேரத்தில் மயிர் மயிராக நிரப்பினேன், எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் வாங்கின நைலோன் முடி பட்டை பட்டையாக மெஷினில் தைத்தது. ஒரு பட்டை பிரிந்தால் தைக்கலாம், பம்மின இழையை என்ன செய்வது?

இரண்டு காட்சியில் வந்துபோகிற ஆளுக்கு இந்த ஏழு கிழமையை நான் செலவழிக்கமாட்டேன். அந்த நைலோன் முடியையும் எறியவில்லை. உருகின நுனியைக் கத்தரித்துப் பாண்டியனின் காவலாளிக்குப் போட்டோம், தலைப்பாகைக்குக் கீழே நன்றாகத்தான் இருந்தது. கண்ணகியின் முடி முட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கிறது, அந்த நுளம்பு வலைதான் போர்வை. அடுத்த வைகாசிக்குள் உச்சியில் கொஞ்சம் அடர்த்தியாக்கவேண்டும். மச்சாளின் பின்னல் இன்னும் தோளைத் தாண்டவில்லை.