யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர்: கொதிக்க வைப்பதா, வடிகட்டுவதா, மழைநீரைச் சேர்ப்பதா?

2014, 2015இல் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் தெரிந்தபோது சனம் தெருவுக்கே வந்தது. ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. ஆனால் உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் தண்ணீரில் கரைந்து வருகிற நைத்திரேற்று என்ற பொருளுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காமல் விட்ட பங்கும், மலக்குழியிலிருந்து ஊறுவதும், வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல் வழியாகச் சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சுன்னாகமும் அடங்குகிற வலிகாமப் பகுதியின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருப்பதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

கொதிக்க வைத்தால் போதும் என்று நம்புகிறவர்கள்தான் அதிகம். கிருமிக்கு அது சரி. ஆனால் நைத்திரேற்று ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் செறிவு இன்னும் கூடும். ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். குளோரீனும் சாதாரண கரி வடிகட்டியும் இந்த விஷயத்தில் உதவாது.

தண்ணீரை மென்படலம் வழியாக அழுத்தி வடிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் நைத்திரேற்றை உண்மையாகவே குறைக்கும். ஆனால் வீட்டு இயந்திரம் பெரும்பாலும் தருகிற தண்ணீரைவிடக் கூடுதலாகக் கழிவாக வெளியே விடும், ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறே இல்லாத குடாநாட்டில் அது எனக்கு மனம் ஒப்பாத செலவு. அப்புறம் எங்கள் தண்ணீரில் கேத்தில் அடியில் படிகிற வெள்ளை அதன் மென்படலத்திலும் படியும், கவனிக்காவிட்டால் சீக்கிரம் பழுதாகும்.

குழாய்க்கிணறு ஆழமாக அடிப்பதைத்தான் நான் கடைசியாகக்கூட யோசிக்க மாட்டேன். இங்குள்ள ஆழமான நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள், மேலே நன்னீர், கீழே போகப் போக உப்பு. குடாநாடு முழுக்க அப்படித்தான், கடல்நீருக்கு மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படைதான் எங்கள் கையிருப்பு. அதன் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் உப்புநீர் சுமார் 40 மீற்றர் ஏறலாம் என்பது கோட்பாட்டுக் கணக்கு. ஒருவர் ஆழமாக இழுத்தால் அயலவர் கிணறும் உவராகும்.

என் தெரிவு மழைநீர்த் தொட்டி. ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றர் என்று வைத்து, 50 சதுர மீற்றர் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 48,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால், 8,000 லீற்றர் தொட்டி மாரி முடிந்த பிறகு ஒன்பது மாதம் தாராளமாகத் தாங்கும். முதல் மழையை வெளியே விட வேண்டும், தொட்டியை மூடி வைக்க வேண்டும், குடிக்க முன் கொதிக்க வைக்க வேண்டும். குளிக்க, துவைக்கக் கிணறு இருக்கவே இருக்கிறது.

ஆனாலும் தொட்டி கட்டியாயிற்று என்று கிணற்றைக் கைவிட முடியாது. அடி திறந்த மலக்குழிக்குப் பதிலாக அடியும் பக்கமும் பூசிய தொட்டி, உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவது, அளவாக இறைப்பது, இவை மூன்றும்தான் நஞ்சை வருகிற இடத்திலேயே குறைக்கும். பலன் தெரியச் சில மாரிகள் போகலாம். அதுவரை கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது கிருமியோடு நிற்காமல், நைத்திரேற்றும் பார்க்கச் சொல்லிக் கேட்டுக் கொடுங்கள்.