ஆறு மார்கழி, ஒரு கேரம் போர்டு

சென்னையில் ஏது குளிர் என்று சிரிப்பவர்கள், மார்கழியில் ஒரு ராத்திரி ராயபுரத்தில் எங்கள் வீட்டில் வந்து படுத்துப் பார்க்கலாம். தெர்மாமீட்டர் 20, 21 டிகிரி என்றுதான் காட்டும். ஊட்டிக்காரர்களுக்கு அது வெயில் காலம். ஆனால் இரண்டு மாசம் மழையில் ஊறிய சுவர், ஓதம் ஏறிய தரை, ஜன்னல் இடுக்கில் நுழையும் வாடைக்காற்று எல்லாம் சேர்ந்துகொண்டால் எங்கள் நைனாவுக்கு விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

2019 ஐப்பசியில் கேரம் போர்டு வாங்கியதற்கு அந்த விரல்கள்தான் பாதிக் காரணம். மீதிப் பாதி, போர்வைக்குள் செல்போனோடு கிடந்த பிள்ளைகள். அதற்கு முன்னால் ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். இரண்டாம் நாளே கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்துவிட்டார். யோகா பாய் சுருட்டி வைத்ததோடு சரி. செஸ் இரண்டு பேருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்குக் கொட்டாவி.

போர்டு வாங்கப் பெரியமேட்டுக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். 29 அங்குலச் சதுர ஆடுகளம் உள்ள முழு அளவுப் போர்டு, பலகை 12 மி.மீ. கனம். போட்டிகளுக்குக் குறைந்தது 8 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் கனம் கூடினால் காய் கட்டையில் மோதித் திரும்பும் வேகம் நன்றாக இருக்கும் என்று நைனா பிடிவாதம் பிடித்தார். ஹார்பரில் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலமெல்லாம் தெருமுனை கிளப்பில் கிடந்தவர், அவர் சொன்னால் சரி. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கடைக்காரர் கூடவே கொடுத்த காய்களும் பவுடரும் சுமார்தான். காய்களில் நான்கு ஒரு பக்கம் கனமாக இருந்து, ஓடும்போதே வளைந்தன. மூன்றாவது மாசம் வேறு செட் வாங்கிவிட்டேன்.

முதல் சீசனைச் சொதப்பியது நான்தான். ஆடி முடித்ததும் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வடக்குப் பக்கச் சுவர், ஓதம் அப்படியே பலகைக்குள் இறங்கிவிட்டது. பொங்கலுக்குள் நடுவில் லேசாகத் தொப்பை விழுந்தது. பென்சிலை வைத்தால் தானாகக் கட்டைப் பக்கம் உருண்டது. நைனா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, போர்டுக்கு மாசமா?" என்றார். கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, போர்டைக் குப்புறப் படுக்கப் போட்டு, மேலே அரிசி மூட்டையை ஏற்றினோம். கோடை முடிவதற்குள் முக்கால்வாசி சரியானது. அன்றிலிருந்து போர்டு நிற்பதே இல்லை, எப்போதும் படுக்கைதான்.

கேரமில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தக் காலத்துக்காக இதை வாங்குகிறோமோ அந்தக் காலம்தான் இதற்கு எமன். காற்றில் ஈரம் இருந்தால் பலகை அதை உறிஞ்சும், பவுடர் கட்டி கட்டும், காய் சேற்றில் போவதுபோலப் பாதியில் நிற்கும். ஈரத்துணியால் துடைத்தீர்களோ, அன்றைக்கு ஆட்டமே கிடையாது.

இதற்கு நைனா கண்ட மருந்து குண்டு பல்பு. கிளப்பில் போர்டுக்கு நேர் மேலே தகரக் கூண்டுக்குள் ஒரு பல்பு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நிழல் விழாமல் இருக்கத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். நான் முதலில் மாட்டியது 9 வாட் எல்.இ.டி. வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, காய் ஓடவில்லை. அதைக் கழற்றிவிட்டுப் பழைய 100 வாட் குண்டு பல்பைப் போட்டார். அது தின்னும் கரண்டில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வரும். மற்ற இடத்தில் அது குறை, இங்கே அதுதான் வேலை. கால் மணி நேரம் எரியவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, விரல் நுனியில் அள்ளி ஒரு சிட்டிகை பவுடர். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். காய்கள் கலைந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது, உலர்ந்த சத்தம். மூன்று மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட். பல்பு பலகையிலிருந்து இரண்டரை அடிக்கு மேலே இருக்கட்டும். ஒருநாள் தாழ்வாகத் தொங்கவிட்டதில் என் பையன் தலையில் இடித்து, வீலென்று அழுதான்.

அந்த பல்பைச் சுற்றி நான்கு பேர் குனிந்து உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் தனியாகக் கதகதப்பாகிவிடும். நைனா ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் பல்புக்கு நேரே காட்டி, புரட்டி, அப்பளம் சுடுவதுபோலச் சூடேற்றிக்கொள்வார். பிறகு விரலை நீட்டி மடக்குவார். முதல் இரண்டு ஆட்டம் சுமாராகப் போகும். மூன்றாவதில் பழைய கை வந்துவிடும்.

சின்ன வயதில் நான் கேரம் ஆடியதே இல்லை. கிளப் என்றால் ஆண்பிள்ளைகள். நைனாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனால் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். 1991லும் 1995லும் உலக சாம்பியனான மரிய இருதயத்தைப் பற்றி அங்கே பேசுவது காதில் விழும். முப்பத்தெட்டு வயதில்தான் ஸ்ட்ரைக்கரைத் தொட்டேன். 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கியபோது, என் பெண் அந்தச் செய்தியை நைனாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அதற்கப்புறம் அவள் என்னோடு டபுள்ஸ் சேருவதில்லை. என் ஆட்டம் மோசமாம்.

சண்டை வராமல் இருக்க விதியை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரெட்டுக்கு, அதாவது அந்த ஒற்றைச் சிவப்புக் காய்க்கு, 3 புள்ளி, ஆனால் உங்கள் கணக்கு 21 புள்ளியில் இருக்கும் வரைக்கும்தான். 22 எட்டிவிட்டால் ரெட்டைப் போட்டாலும் புள்ளி கிடையாது. இது தெரியாமல் எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது.

பவுடர் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அது போரிக் ஆசிட் பவுடர், வாய்க்குள் போகக் கூடாது. மழைக்குப் பஜ்ஜி இல்லாமல் கேரம் இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம், ஆகவே சோப்புப் போட்டுக் கை கழுவாதவருக்குத் தட்டு வராது என்பது இரண்டாவது சட்டம். டப்பாவை ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கம் எட்டாத உயரத்தில் வைத்தால் கட்டி கட்டுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. கீழ்வீட்டு அக்கா குடும்பத்தோடு மேலே வந்துவிட்டார். ஏழு பேர், ஒரு எமர்ஜென்சி லைட். பல்பு இல்லாமல் போர்டு கல்லாகக் கிடந்தது. காயைச் சுண்டினால் நகம்தான் வலிக்கும். அப்படியும் ஆடினோம். யார் ஜெயித்தார்கள் என்று நினைவில்லை. அக்கா மட்டும் ஸ்ட்ரைக்கரையே நான்கு தடவை குழியில் போட்டு மைனஸ் வாங்கிக்கொண்டே இருந்தார்.

ஆறு சீசனில் மாற்றியவை: ஒரு செட் காய், இரண்டு ஸ்ட்ரைக்கர், குழிகளுக்கு நான்கு வலை. கடை வலை ஒரு வருஷத்தில் நைந்துவிட்டது. காசிமேட்டில் வலை பின்னும் தம்பி ஒருவர் மீன்வலை நைலான் நூலில் நான்கு பை முடிந்து கொடுத்தார், காசு வேண்டாம் என்றார். நான்கு வருஷமாக அதுதான்.

உடம்பு வியர்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது; உட்கார்ந்த ஆட்டம், இடுப்பு பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். பிள்ளைகள் பரீட்சைக் காலத்தில் கிட்டே வருவதில்லை. ஆனால் 4,200 ரூபாய்க்கு நான் வாங்கிய வேறு எந்தப் பொருளும் இத்தனை மழைக்காலம் எங்கள் வீட்டில் நின்றதில்லை.

இப்போதைய ஒரே கவலை குண்டு பல்பு. போன வாரம் ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைப் பெரியவர் மேல் தட்டிலிருந்து தூசு தட்டி இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, "கோழிக்குஞ்சு வளக்குறியாம்மா?" என்று கேட்டார்.