போன்ல சொருகுற தெர்மல் கேமரா, ரெண்டு மாசம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

வேளச்சேரில டாப் ஃப்ளோர்ல குடியிருக்குறவங்களுக்கு நான் எதுவும் சொல்லவே வேணாம், ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டா அனல் தான் இறங்கும், மாடிக்கு வெள்ளை கூல் பெயிண்ட் அடிங்க அங்கிள்னு ஹவுஸ் ஓனர்கிட்ட மூணு வருஷமா கேக்குறேன், "சென்னைன்னா அப்படித்தான்பா"ன்னு முடிச்சிடுவாரு. சரி கண்ணால காட்டிடுவோம்னு 19,500 ரூபா குடுத்து, எது எவ்ளோ சூடுன்னு படமா காட்டுற இந்த கேமராவ வாங்குனேன். பிராண்ட் பேரு வேணாம், ஏன்னு கீழ புரியும்.

படம் 256க்கு 192 பிக்சல் தான். சப்புன்னு இருக்கும், ஆனா சுவத்துல பீம் எங்க போகுதுன்ற வரைக்கும் தெரியுது, போதும். நடுவுல 'டிக்'னு சத்தம் வந்து படம் ஒரு செகண்ட் நிக்கும், ரிப்பேர்னு பயந்துடாதீங்க, உள்ள ஷட்டர் மூடி தன்னைத்தானே சரி பாத்துக்குது.

மே மாசம் மத்தியானம் ரெண்டு மணி, மொட்டை மாடி தரை 57 டிகிரி. கீழ வெயில்ல தார் ரோடு 59, அதே ரோடு பத்தடி தள்ளி புங்க மரத்தடில 38. ராத்திரி 10 மணிக்கு பெட்ரூம் சீலிங் அப்பவும் 37, பகல் பூரா வாங்குன வெயில கான்கிரீட் நிதானமா நம்ம தலைல இறக்குது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இது காட்டுறது பரப்போட சூடு, ரோடு 59னா காத்தும் 59 இல்ல.

பூமிய படம் எடுக்குற லேண்ட்சாட் சாட்டிலைட்டோட படம் ஃப்ரீயா கிடைக்குதே, இது எதுக்குன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். அதுல சூட்ட அளக்குற தெர்மல் பேண்ட்ல ஒரு புள்ளின்னா தரைல 100 மீட்டர், எங்க தெரு, பின் தெரு, நடுவுல இருக்குற மரம் எல்லாம் ஒண்ணா கலந்து ஒரே நம்பர், அதுவும் லேண்ட்சாட் 8, லேண்ட்சாட் 9னு ரெண்டு சாட்டிலைட்டும் சேந்து எட்டு நாளைக்கு ஒருக்கா, பெரும்பாலும் காலைல பத்து மணி வாக்குல வந்துட்டு போயிடும். ஊர்ல எந்த ஏரியா சூடுன்னு பாக்க அது சரி, என் சீலிங் ராத்திரி என்ன பண்ணுதுன்னு அதுக்கு எப்படி தெரியும்.

இப்ப நான் ஏமாந்த கதை. பக்கத்து வீட்டு அக்கா மாடில புதுசா பளபளன்னு ஷீட் போட்டிருந்தாங்க, கேமராவ காட்டுனா 29 டிகிரி! "பாத்தியா, காசு குடுத்தாலும் நல்ல ஷீட்டு"ன்னு அக்காவுக்கு ஒரே பெருமை, நானும் நம்பி கைய வச்சேன், வச்ச வேகத்துல எடுத்தேன். பளபளப்பான உலோகம் தன்னோட சூட்ட சரியா வெளிய விடாது, கண்ணாடி மாதிரி வானத்தோட குளிர்ச்சிய தான் திருப்பி காட்டும். அப்புறம் எலக்ட்ரீஷியன் யூஸ் பண்ற கருப்பு டேப்ப ஒரு துண்டு ஒட்டி அஞ்சு நிமிஷம் விட்டு பாத்தா டேப் மேல மட்டும் 61. அக்கா ரெண்டு நாள் என்கூட பேசல. எவர்சில்வர் டேங்கும் இதே கேஸ் தான். சிமெண்ட், தார், பெயிண்ட் அடிச்ச சுவர், இதுக்கு வர்ற நம்பர ஓரளவு நம்பலாம், அப்பவும் ரெண்டு டிகிரி முன்ன பின்ன இருக்கும்னு கம்பெனியே பெட்டில போட்டிருக்கான்.

குறைன்னா, போன் கவர கழட்டாம கேமராவோட பின் போன்ல உள்ள போகாது. வெயில அளக்க வாங்குன சாமான் வெயில்ல பத்து நிமிஷம் நின்னா தானே சூடாகி நம்பர் ஏற ஆரம்பிச்சிடுது, நிழல்ல ஆற வச்சு தான் எடுக்கணும். முதல்ல வந்த பீஸ்ல நடுவுல ஒரு புள்ளி செத்திருந்துச்சு, மாத்தி வாங்க 19 நாள், நாலு மெயில், எல்லாத்துக்கும் ஒரே பதில்.

ஆனா வேலை நடந்துச்சு. ஓனர் அங்கிள் படத்த பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு "பாதி மாடிக்கு மட்டும் அடிச்சு பாப்போம்"னாரு. வெள்ளை அடிச்ச பக்கம் மத்தியானம் 44, அடிக்காத பக்கம் 56. மீதி பாதிக்கு பெயிண்டர் ஞாயித்துக்கிழமை வர்றாரு.

இதுக்காக ஒவ்வொருத்தரும் ஒண்ணு வாங்கணும்னு இல்ல, ஒரு அபார்ட்மெண்ட்டுக்கு ஒண்ணு போதும். வேளச்சேரி பக்கம்னா கேளுங்க, ஒரு நாள் குடுக்குறேன், டேப் மட்டும் நீங்க வாங்கிக்கோங்க.