9 மாசமா நடுரோட்ல நின்ன என் ஆர்எக்ஸ் 100 இந்தக் கடையிலதான் சரியாச்சு

நான் கடலூர், ஆல்பேட்டை பக்கம். வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், அப்பா வாங்குனது, நான் ஓட்டக் கத்துக்கிட்டதும் அதுலதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் சாத்தனூர் அணையில தொறந்துவிட்ட தண்ணி தென்பெண்ணையில வந்து எங்க தெருவுக்குள்ள பூந்துடுச்சு, வண்டி சீட்டு வரைக்கும் சேத்துத் தண்ணியில நின்னுச்சு. பெட்ரோல் டேங்க் மூடி மேலயும் சேறு.

எங்க ஊர்லயே ஒரு கடையில என்ஜினைப் பிரிச்சு கழுவி ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டாங்க, அது வரைக்கும் நல்லாத்தான் பண்ணாங்க. பிரச்சனை என்னன்னா, காலையில எடுத்தா ஜம்முனு போவும், ஒரு 6, 7 கிலோமீட்டர் தாண்டுனதும் இழுவை கொறையும், ஆக்ஸிலேட்டர் குடுத்தா ‘பொப்’புன்னு அமுங்கும், அப்படியே நின்னுடும். 10 நிமிஷம் ஓரமா நிறுத்திட்டு உதைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆவும், திரும்ப கொஞ்ச தூரம் போயி நிக்கும். ப்ளக் மாத்துனாங்க, காயில் மாத்துனாங்க, பெட்ரோலையும் காத்தையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பற கார்ப்பரேட்டரை மூணு தடவை கழட்டி ஊதுனாங்க, கடைசியா கார்ப்பரேட்டரே போச்சுன்னு சொல்லி புதுசு ஒன்னு மாட்டி காசு வாங்கிட்டாங்க, வண்டி அதுக்கப்புறமும் நின்னுச்சு. ஒரு தடவை பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரும்போது கெடிலம் பாலத்து மேல நின்னு போச்சு, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்குது, அன்னிக்கு எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வித்துடலாம்னு கூட வீட்ல பேச்சு வந்துச்சு.

அப்பதான் சொந்தக்காரர் ஒருத்தர் புதுச்சேரி முதலியார்பேட்டையில இருக்கற இந்தக் கடையைச் சொன்னாரு. ஓட்டிட்டுப் போனா நடுவுல எத்தனை எடத்துல நிக்குமோன்னு குட்டியானையில ஏத்திட்டுப் போனேன்.

கடை மெக்கானிக் அண்ணனுக்கு 60 வயசுக்கு மேல இருக்கும். வண்டியைப் பாத்ததும் ஸ்பேனரைத் தொடல, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து கேள்வியா கேட்டாரு. “நிக்கறப்ப டப்புன்னு சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி நிக்குதா, இல்ல மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நிக்குதா தம்பி? சோக் போட்டா கொஞ்சம் தேறுதா?” மூச்சு வாங்கித்தான் நிக்குது, சோக் போட்டா இன்னும் ஒரு அம்பது அடி போவுதுன்னேன். சோக் போட்டா பெட்ரோல் கூடும்ல, அப்ப கரண்டு பிரச்சனை இல்ல, பெட்ரோல் பத்தல, இல்லன்னா எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போவுதுன்னாரு. இந்த ஒரு கேள்விய எங்கிட்ட 9 மாசத்துல யாரும் கேக்கல.

அப்புறம் என்னை ஓட்டச் சொல்லி அவரு பின்னாடி உக்காந்துக்கிட்டாரு, சட்டைப் பையில ஒரு ஸ்க்ரூ ட்ரைவரு, கையில ஒரு காலி பாட்டில். கடலூர் ரோட்லயே அரியாங்குப்பம் தாண்டி தவளக்குப்பம் வரைக்கும் போனோம், எதிர்பார்த்த மாதிரியே நின்னுச்சு. ஒடனே எறங்கி கார்ப்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி பாட்டில்ல புடிச்சாரு. நாலு சொட்டுதான் வந்துச்சு. “பாத்தியா, கிண்ணமே காலி, பாவம் கார்ப்பரேட்டர் என்னா பண்ணும், அதுக்கு சோறே வரலயே”ன்னு சொல்லிட்டு டேங்க் மூடிய தொறந்தாரு. ‘உஸ்ஸ்’னு காத்து உள்ள இழுக்கற சத்தம் எனக்கே கேட்டுச்சு. பாட்டில்ல கடகடன்னு பெட்ரோல் எறங்குது!

விஷயம் இவ்ளோதான். டேங்க்ல இருந்து பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்கு காத்து உள்ள வரணும், அதுக்கு மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு. வெள்ளத்துல வந்த வண்டல் அதுல போய் சிமெண்ட் மாதிரி எறுகிடுச்சு. காத்து வராததால உள்ள வெற்றிடம் ஆயி பெட்ரோல் எறங்காம நின்னுடுது, நிறுத்தி வச்சா காத்து மெதுவா கசிஞ்சு உள்ள போவுது, அதனாலதான் 10 நிமிஷத்துல திரும்ப ஸ்டார்ட் ஆயிருக்கு. ஒரு கம்பியை வச்சு குத்தி சுத்தம் பண்ணது ரெண்டு நிமிஷ வேலை.

அதோட விட்டிருந்தாலே நான் சந்தோஷமா வந்திருப்பேன், அவரு விடல. ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஐட்லிங், அதாவது சும்மா நிக்கறப்ப என்ஜின் ஓடற வேகம், ஒடனே எறங்காம கொஞ்ச நேரம் மேலயே நிக்குது பாருன்னாரு, நான் அதெல்லாம் கவனிச்சதே இல்ல. வண்டி ஓடிட்டு இருக்கும்போதே கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் மேல க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சாரு, ஒரு எடத்துல அடிச்சதும் ஐட்லிங் சத்தம் மாறுச்சு. அங்க முடி மாதிரி ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்ல இப்படி காத்து அதிகமாப் போனா என்ஜின் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆவும், நீ பாப்பாவ வச்சுக்கிட்டு ஓட்டறே, இத சும்மா விடக்கூடாதுன்னாரு. அத கேட்டப்ப எனக்கு ஒடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஊர்ல மாட்டுன புது கார்ப்பரேட்டரைப் பிரிச்சுக் காட்டுனாரு, பெட்ரோலை அளந்து விடற ஜெட்டுல நம்பரே இல்ல, டூப்ளிகேட். வண்டியோட வந்த பழைய மிக்குனி கார்ப்பரேட்டர் எங்கன்னு கேட்டாரு, நல்லவேளை நான் அத தூக்கிப் போடாம அட்டைப் பெட்டியில எடுத்துட்டுப் போயிருந்தேன். அதையே கழுவி, கிண்ணத்துல பெட்ரோல் அளவா நிக்க வைக்கற ஃப்ளோட் நீடிலும் கேஸ்கெட்டும் மட்டும் புதுசு போட்டு மாட்டுனாரு. பெட்ரோல் ட்யூபும் ஊறிப் போயி கொழகொழன்னு இருந்துச்சு, இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதுக்குத் தாங்காதுன்னு மாத்திட்டாரு. டேங்க்கைக் கழட்டி பழைய நட்டுங்களப் போட்டு குலுக்குனப்ப வந்த துருவப் பாத்து எனக்கே பயம் வந்துச்சு.

ட்யூனிங்தான் நான் ரொம்ப ரசிச்சது. ஆக்ஸிலேட்டர் பிடியில வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு கோடு போட்டாரு. கால் வரைக்கும் தடுமாறுனா ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், நடுவுல தடுமாறுனா ஆக்ஸிலேட்டரோட மேல கீழ போற நீடில், முக்காலுக்கு மேலன்னா மெயின் ஜெட், இது தெரியாம கண்ட ஸ்க்ரூவ திருவக்கூடாதுன்னாரு. என்ஜின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவ மெதுவா முழுசா உள்ள விட்டு ஒன்றரை சுத்து வெளிய எடுத்து, அங்கிருந்து சத்தம் கேட்டு கேட்டு வச்சாரு. அரைக் கோட்டுல மட்டும் லேசா அமுங்குச்சு, நீடில் க்ளிப்ப ஒரு க்ரூவ் கீழ போட்டதும் போயிடுச்சு. கடைசியா பைபாஸ்ல ஃபுல் ஆக்ஸிலேட்டர்ல போயி அப்படியே க்ளட்ச் புடிச்சு ஆஃப் பண்ணச் சொல்லி ப்ளக்கைக் கழட்டிப் பாத்தாரு. வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, கரி புடிச்சு ஈரமா இருந்தா அதிகம், நம்மளது நல்ல காப்பித்தூள் கலரு. 98 சிசி வண்டி, திரும்பி வரும்போது அந்தப் பழைய சத்தம்! அப்பா இருந்திருந்தா அவருக்குத்தான் மொதல்ல போன் பண்ணிருப்பேன்.

கொறைன்னு பாத்தா, வேலை முடிய 9 நாள் ஆச்சு, அவரு போன் எடுக்க மாட்டாரு, நேர்லதான் போயி கேக்கணும், கடலூர்ல இருந்து போறவங்களுக்கு அது கஷ்டம். எழுதி பில் குடுக்கறதில்ல, அது மாறணும்னு நான் அவருகிட்டயே சொன்னேன். ஆனா கழட்டுன பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு கையில குடுத்துட்டாரு, மாத்தாதத மாத்துனேன்னு சொல்ற பேச்சுக்கே எடமில்ல. கூலியும் ஊர்ல நான் அந்த டூப்ளிகேட் கார்ப்பரேட்டருக்குக் குடுத்ததவிட கம்மிதான்.

போறவங்க காலையில சீக்கிரம் போங்க, ஞாயித்துக்கிழமை லீவு. முடிஞ்சா வண்டி எப்ப, எத்தனை கிலோமீட்டர்ல நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, மொதல்ல அதத்தான் கேப்பாரு. 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப ப்ளக் கலரு பாக்கணும் வான்னு சொல்லியிருக்காரு, 460 ஆச்சு, வர்ற சனிக்கிழமை போறேன், இந்த தடவை ஓட்டிக்கிட்டே.