பழைய கால்மிதி ஓர்கன்: துருத்தியா, மோட்டரா, கீபோர்டா?

கோயில் மூலையில் சீலை மூடிக் கிடக்கும் கால்மிதி ஓர்கனைக் கண்டதும் "மோட்டர் பூட்டினால் சரி" என்று ஒருவர் சொல்லுவார். அதற்கு முன் துருத்தியைச் சோதியுங்கள். நாலைந்து முறை மிதித்துவிட்டு, எந்தக் கட்டையையும் தொடாமல் விடுங்கள். மிதிக்கும்போது சுருங்கும் உள்துருத்தி அரை நிமிடமாவது தாங்கி மெல்ல விரிய வேண்டும். பொசுக்கென்று விரிந்தால் துருத்திச் சீலை ஓட்டை, அல்லது மடிப்பில் பசை விட்டிருக்கிறது. அந்த நிலையில் மோட்டர் வாங்குவது ஓட்டை வாளியால் இறைக்கிற வேலை.

துருத்திக்கு றப்பர் பூசிய மெல்லிய சீலைதான் வேண்டும். றெக்சின் மலிவு, ஆனால் விறைப்பு, மடிப்பில் வெடித்துவிடும். ஒட்டுவதற்கு வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. அதை இரட்டைப் பாத்திரத்தில் 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்குங்கள், கொதித்தால் பிடிப்புப் போய்விடும். செருப்புக்கு ஒட்டும் பசை வேண்டாம்: அடுத்த முறை கழற்றும்போது பலகையும் சேர்ந்து பெயரும்.

காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குத்தான் றீட். பேசாத றீட்டில் பெரும்பாலும் கச்சான் காற்றின் தூசிதான். றீட்டைக் கொக்கியால் இழுத்தெடுத்து உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும். எண்ணெய் விட்டால் இன்னும் தூசி பிடிக்கும். மாரியில் கட்டை இறுகினால் சீவாதீர்கள். சீவினால் வைகாசியில் அதே கட்டை கடகடவென ஆடும்.

மோட்டர் மிதிக்கிற களைப்பைத்தான் குறைக்கும். அமெரிக்க வகை ஓர்கன் காற்றை உறிஞ்சும், ஆர்மோனியம் ஊதும். திசை மாறினால் றீட் பேசாது. தேவையான உறிஞ்சல் 3 முதல் 4 அங்குல நீர்மட்டம் மட்டுமே, அதாவது குழாயில் நீரை அவ்வளவு உயரம் தூக்கும் அளவு. தூசி உறிஞ்சும் மெசினை நேராகப் பூட்டினால் புதுச் சீலையே கிழிந்துவிடும். மிகுதிக் காற்றுக்கு வழிவிடும் வால்வு கட்டாயம். இரைச்சலுக்கு மோட்டரைச் சுவருக்கு வெளியே வைக்க வேண்டும். கரண்ட் போனால் மிதிக்கக் கால்மிதியைக் கழற்றாமல் விடுங்கள்.

கீபோர்ட் மலிவு, தூக்கிப் போகலாம், பாடுபவர் தொண்டைக்கேற்பச் சுருதியை ஒரு பொத்தானில் மாற்றலாம். ஆனால் ஐப்பசி இடிமின்னலில் பிளக்கைக் கழற்ற மறந்தால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் போர்டே போய்விடும். கட்டைக்கு அடியிலுள்ள றப்பரில் தூசி படிந்தால் சில சுரங்கள் ஊமையாகும், சில திடீரென அலறும்.

எங்கள் தெரிவு: முதலில் துருத்தி, பிறகு பணமிருந்தால் கீபோர்ட், மோட்டர் கடைசி. ஓர்கனையும் கீபோர்டையும் சேர்த்து வாசிப்பதென்றால் கீபோர்டின் சுருதியை ஓர்கனுக்கு ஏற்ப இறக்குங்கள் அல்லது ஏற்றுங்கள். கீபோர்டுக்காக நூற்றுக்கு மேற்பட்ட பித்தளை நாக்குகளைச் சுரண்டத் தொடங்காதீர்கள். சுரண்டிய பித்தளை திரும்பி வராது.